ஈசான மூலை இறங்கிய பலகை வீடு: எங்கே பார்ப்பது, எப்படித் தூக்குவது

கார்த்திகை மழை தொடங்கினால் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அம்மம்மா வீட்டின் அறைக்கதவு சாத்த வராது. தை பிறந்து வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்று பல வருடங்கள் அப்படியே விட்டுவைத்தோம். ஒரு வருடம் பங்குனி வெயிலிலும் அது சாத்த வரவில்லை. அன்றைக்குத்தான் குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தேன். கடலைப் பார்த்த ஈசான மூலைத் தூணின் அடியில் மண் நிறத்தில் ஒரு கோடு ஏறியிருந்தது. திருப்புளியை வைத்து மெதுவாக அழுத்தினேன். பாணுக்குள் கத்தி இறங்குவது போல, பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

அந்த மூலையை நிமிர்த்திய பிறகு, கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ஓடாவி (தச்சர்) நானாவோடு சேர்ந்து இன்னும் மூன்று பழைய பலகை வீடுகளில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். நிலத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் கட்டைத் தூண்கள், தூண்களுக்கு மேல் வளை, வளைக்கு மேல் தரைப்பலகை, பலகைச் சுவர், ஓட்டுக்கூரை. இந்த வகை வீட்டுக்குத்தான் இங்கே எழுதுவது எல்லாம் பொருந்தும். கல்வீட்டில் மூலை இறங்கினால் அது வேறு கதை. அதற்குப் பாரம் தூக்கும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் நாள் நான் ஜக் வாங்கப் பணம் எடுத்துக்கொண்டு நின்றேன். நானா வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, தூக்கிறது ரெண்டு கிழமை வேலை. முதல்ல தண்ணி எங்கால வருதெண்டு பாருங்க. அது நிக்காட்டி அடுத்த மாரியோட இன்னொருக்கா தூக்கணும்.” நான் பார்த்த நாலு வீட்டிலும் மூலை இறங்கக் காரணம் தண்ணீர்தான். ஒன்றில் கூரைத் தண்ணீர், ஒன்றில் குளிக்கிற இடத்துத் தண்ணீர், மற்ற இரண்டிலும் சுவரில் சாய்ந்தடித்த மழை. கறையான்கூட ஈரத்தைத் தேடித்தான் வந்திருந்தது.

திருகோணமலையில் பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரை, வடகிழக்கிலிருந்து காற்றோடு வருகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்திருக்கும் வீடுகளுக்கு அந்த அடி நேரே ஈசான மூலையில்தான் விழும். ஈசான மூலையில் பாரம் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு அவர்களுடைய காரணம் இருக்கும். பலகை வீட்டுக்காரருக்கு மழையே போதுமான காரணம். ஆகவே இந்த வேலையை மாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் மணல் ஊறியிருக்கும்போது ஜக்குக்குக் கீழே உறுதியான நிலமே கிடையாது.

அளந்து எழுதாமல் எதையும் தொடாதீர்கள்

கண்ணால் பார்த்து “இந்த மூலைதான்” என்று முடிவு செய்வது பெரும்பாலும் தவறும். முப்பது, நாற்பது அடி தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்குங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் அதே குழாய்தான். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு துளி விட்டு, குழாயின் ஒரு முனையை அதற்குள் அமிழ்த்தி மறுமுனையால் உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு தூணில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மட்டத்தை மற்ற எல்லாத் தூண்களுக்கும் கொண்டுபோய்க் கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு தூணிலும் கோட்டிலிருந்து வளையின் அடிப்பக்கம் வரை அளந்து, வீட்டின் படம் ஒன்று கீறி அதில் எழுதுங்கள். அங்குலத்தோடு நூல் கணக்கும் வேண்டும். எட்டு நூல் ஓர் அங்குலம். எங்கள் வீட்டில் ஈசான மூலை இரண்டு அங்குலம் மூன்று நூல் இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்துத் தூண்களில் ஒன்று ஆறு நூல், மற்றது ஐந்து நூல். மற்ற ஆறு தூண்களும் ஒரு நூல் வித்தியாசத்துக்குள் நின்றன. இப்படி ஒரு மூலையை நோக்கிப் படிப்படியாக எண் கூடிக்கொண்டு போனால் அந்த மூலைதான் நோய்வாய்ப்பட்டது. எண்கள் முன்னும் பின்னுமாகக் குழம்பிக் கிடந்தால் ஒரு மூலையைத் தூக்கி ஒன்றும் ஆகாது, வீடு முழுவதையும் பார்க்க வேண்டும்.

கதவு உரசுகிறது

கதவு நிறையச் சொல்லும், கவனித்துக் கேட்க வேண்டும். கொண்டிப் பக்கம் இறங்கியிருந்தால் கதவின் மேல் மூலை, கொண்டிப் பக்கத்தில், நிலையோடு முட்டும். அதே பக்கம் கீழே இடைவெளி விரிந்திருக்கும். பிணைச்சல் பக்கம் இறங்கியிருந்தால் இது தலைகீழ்: கொண்டிப் பக்கம் மேலே வெளிச்சம் தெரியும், கீழ் மூலை படியில் இழுபடும்.

ஆனால் பிணைச்சல் தேய்ந்தாலும் கதவு இதே போலத்தான் இழுபடும். கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று மேலே வந்தால் பிணைச்சல் ஆணிதான் பிரச்சினை, வீட்டை விட்டுவிடுங்கள். அசையாவிட்டால் நிலையின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுங்கள். இரண்டும் ஒன்றானால் நிலை நேராக இருக்கிறது. கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலை சரிந்திருக்கிறது.

மாரியில் மட்டும் உரசி, வெயில் வந்ததும் விடுகிற கதவு பெரும்பாலும் ஈரத்தில் ஊதிய கதவு. அது ஒரு மூலையில் மட்டும் முட்டாது, ஓரம் முழுவதும் இறுகும். இன்னொரு விஷயம்: கதவின் விளிம்பை முன்பு யாராவது சீவியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் அம்மம்மா வீட்டுக் கதவின் மேல் விளிம்பு ஒரு பக்கம் அரை அங்குலம் சீவப்பட்டிருந்தது. மூலை இறங்க இறங்க ஒவ்வொரு தடவையும் கதவைச் சீவியே சமாளித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மூலையைத் தூக்கினால் கதவின் மேலே ஓட்டை தெரியும். மேலே ஒரு மெல்லிய சட்டம் ஒட்டவேண்டி வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை சரிகிறது, அல்லது துள்ளுகிறது

பிள்ளைகளின் போளை ஒன்றை அறையின் நடுவில் வையுங்கள். நேரே மூலைக்கு ஓடினால் தூண் இறங்கியிருக்கிறது. அறையின் நடுவிலேயே ஒரு பள்ளத்தில் போய் நின்றால் தரையைத் தாங்கும் குறுக்கு மரம் வளைந்திருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு தூண் கூடுதலாக வைத்தால் போதும். நடக்கும்போது தரை துள்ளினால் குறுக்கு மரத்தின் முனை வளையில் உட்காரும் இடத்தில் உளுத்திருக்கிறதா என்று கீழே போய்க் குத்திப் பாருங்கள்.

தூணின் அடி மெத்தென்று இருக்கிறது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். எல்லாத் தூண்களையும், நன்றாகத் தெரிகிற தூணையும்கூட, நிலத்திலிருந்து ஓரடி உயரம் வரை நாலு பக்கமும் திருப்புளியால் குத்துங்கள். சுத்தியலால் தட்டியும் கேளுங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று சொல்லும். பழைய பாலையும் சமண்டலையும் வெளியே இரும்பு போல இருந்துகொண்டு உள்ளே கூடாகிப் போயிருக்கும். சமண்டலையைத்தான் வெள்ளைக்காரர் நம்முடைய ஊர்ப் பெயரை வைத்து ட்ரிங்கோமலி மரம் என்று அழைத்தார்கள். நல்ல மரம், ஆனால் எந்த மரமும் ஈர மண்ணில் கால் ஊன்றி நெடுங்காலம் நிற்காது.

கறையான் கோடு தெரிந்தால் ஓர் அங்குல நீளத்துக்கு உடைத்துவிட்டு ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். உடைத்த இடம் மறுபடி மூடியிருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. அதை ஒழிக்காமல் புதுக் கால் போடுவது கறையானுக்குச் சோறு போடுவதுதான். பழைய எஞ்சின் ஒயிலைத் தூணடியில் ஊற்றும் வழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். நம்முடைய கரையோர மணலில் கிணற்றுத் தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது. ஊற்றியது எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும்.

உளுத்தது அடிப்பகுதி மட்டும் என்றால் தூண் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு மேலே ஒரு கை அகலம் தள்ளி வெட்டி, கெட்டதை எடுத்துவிட்டு, புதுக் காலைப் பழைய தூணோடு பாதிக்குப் பாதி தழுவ வெட்டி, குறைந்தது ஓரடி நீளத்துக்கு இணைத்து, இரண்டு போல்ட் போட வேண்டும். தூண் மிகக் குட்டையாக இருந்து அந்த நீளம் கிடைக்காவிட்டால் முழுத் தூணையும் மாற்றுவதே நேரம் மிச்சம். போல்ட் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். கடல் உப்புக்காற்றில் வெறும் இரும்பு துருப்பிடித்து, ஊதி, மரத்தையும் பிளந்துவிடும். மாற்று மரத்துக்கு இடித்த வீடுகளின் பழைய மரம் நல்லது, அது ஆட வேண்டியதை எல்லாம் ஆடி முடித்திருக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாத பாலையோ முதிரையோ யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

மரம் நல்லது, கல்தான் இறங்கியிருக்கிறது

தூண் கணீரென்கிறது, ஆனால் அதற்குக் கீழே உள்ள கல் மண்ணுக்குள் போயிருக்கிறது அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இப்போது மேலே பாருங்கள். கூரையின் பீலி உடைந்து தண்ணீர் அதே இடத்தில் கொட்டுகிறதா? தாழ்வாரத்துச் சொட்டு விழும் கோட்டில் மணல் அரித்துக் குழி விழுந்திருக்கிறதா? பக்கத்தில் குளிக்கிற இடம், உடுப்புத் தோய்க்கும் கல், ஒழுகும் பைப் ஏதாவது உண்டா? நண்டு வளை, எலி வளை கல்லுக்கு அடியில் போகிறதா? மணல் தானாக இறங்குவதில்லை. ஓடும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகிறது. அன்புவழிபுரம் பக்கம் ஒரு வீட்டில் பக்கத்து வளவுக்காரர் எல்லையோரம் கான் வெட்டியிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் கல்லுக்கு அடியில் இருந்த மணல் அந்தக் கானுக்குள் வடிந்துகொண்டிருந்தது.

தண்ணீரைத் திருப்பிவிட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும். பீலியைச் சரிசெய்து, குழாயை மூலையிலிருந்து தூரத்துக்குக் கொண்டுபோங்கள். சுவரிலிருந்து ஆறடி தூரத்துக்கு நாலு அங்குலம் சரிவு வருமாறு கிரவல் போட்டு இடியுங்கள், வெறும் மணலில் சரிவு நிற்காது. பிறகு பழைய கல்லுக்குப் பதிலாக இரண்டடிக்கு இரண்டடி, ஒன்பது அங்குலத் தடிப்பில் கொங்கிரீட் பாதம். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிற மாவட்டம் இது, வாசலில் கிடக்கிற கடற்கரை மணலை அள்ளிக் கலக்க வேண்டியதில்லை. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகே பாரம் ஏற்றலாம்.

பாதத்துக்கு மேலே நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயர்த்தி ஒரு கொங்கிரீட் குட்டைத் தூண். அதற்கும் மரத்தூணுக்கும் இடையில் ஒரு தகரத் தொப்பி, நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, விளிம்பைக் கீழ்நோக்கிச் சரித்து மடித்தது. கறையானை அது கொல்லாது. ஆனால் தகரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துதான் ஏற வேண்டும் என்பதால் கோடு உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

தூணும் கல்லும் நல்லது, ஆனாலும் மூலை தாழ்ந்திருக்கிறது

அப்படியானால் வளையின் முனையைப் பாருங்கள். இரண்டு வளைகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் பொருத்தில் ஈரம் தங்கும். சாய்ந்தடிக்கும் மழை பலகை இடுக்கால் இறங்கி அங்கேதான் ஊறும். மரம் நசுங்கி, தூணின் தலை வளைக்குள் புதைந்திருக்கும். இதற்குப் பழைய வளையோடு புது வளைத்துண்டு ஒன்றை நல்ல மரம் வரை நீட்டிச் சேர்த்துப் போல்ட் போட வேண்டும். ஓடாவி இல்லாமல் இதைச் செய்யப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இறங்கியது இதுவா, உயர்ந்தது அதுவா?

மட்டக்குழாய் வித்தியாசத்தைத்தான் சொல்லும், எது அசைந்தது என்று சொல்லாது. வேம்பு, ஆல் போன்ற பெருமரம் சுவரோரம் நின்றால் வேர் கல்லைத் தூக்கியிருக்கலாம். கல் வெளிப்பக்கம் சாய்ந்து, பக்கத்து மண்ணும் புடைத்து வெடித்திருந்தால் அதுதான் காரணம். இந்த நிலையில் எதிர் மூலையைத் தூக்கப் போனால் வீடு இன்னும் முறுகும்.

தூண் சாய்ந்திருக்கிறது

தூக்குக்குண்டை மேலிருந்து விட்டு மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். சுவரின் எட்டடி உயரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்வு இருந்தால் நிறுத்துங்கள். மூலை இறங்குவது ஒன்று, வீடு பக்கவாட்டில் சாய்வது வேறொன்று. 1964 மார்கழிப் புயலுக்கு முந்திய வீடுகளில் இந்தச் சாய்வை ஒன்றிரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். காற்று தள்ளியது தள்ளியபடியே நின்றுவிட்டது. சாய்ந்த தூணுக்குப் பக்கத்தில் ஜக் வைத்துத் தூக்கினால் தூணின் அடி வழுக்கி வெளியே உதைக்கும். முதலில் செயின் புளொக் போட்டு மெல்ல இழுத்து நிமிர்த்தி, மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் அடித்துப் பிடித்த பிறகுதான் உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அனுபவமுள்ள இரண்டு பேராவது வேண்டும்.

தூக்கும் நாள்

முதலில் பாரத்தைக் கணக்குப் பாருங்கள். கள்ளிக்கோட்டை ஓடு ஒன்று இரண்டரை கிலோவுக்குக் குறையாது. ஒரு மூலைக்கு இருநூறு ஓடு வந்தால் அரைத் தொன். சிலாகை, சுவர்ப்பலகை, தரை எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னைத் தாண்டும். பத்துத் தொன் ஜக் எடுங்கள். சிறியதை அதன் எல்லை வரை வேலை வாங்குவதைவிடப் பெரியதைச் சும்மா வேலை வாங்குவது நல்லது.

மூலை அறையிலிருந்து அலுமாரியையும் கட்டிலையும் வெளியே எடுங்கள். யன்னல் கண்ணாடியைக் கழற்றுங்கள். வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணீர்க் குழாய், சீமெந்துப் படி, சுவரோடு ஒட்டிப் பூசிய மேடை ஏதாவது வீட்டை நிலத்தோடு பிடித்துக்கொண்டிருந்தால் பிரித்துவிடுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அந்த மூலைச் சீற்றுகளின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அது வளையாது, வெடிக்கும். வெடித்தால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

ஜக்கைத் தூணுக்கு அடியில் வைக்க முடியாது. மூலையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உள்ளே, இரண்டு வளைக்கும் குறுக்காக ஒரு கனத்த தாங்குமரம் கொடுத்து, அதன் நடுவில் வைக்க வேண்டும். மணலில் ஜக்கை நேரே வைத்தால் வீடு ஏறாது, ஜக்தான் இறங்கும். மேல் மணலை வழித்து மட்டமாக்கி, இரண்டடிச் சதுரத்துக்குத் தடித்த பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு போடுங்கள். அதன் மேல் ஜக் செங்குத்தாக, நீர்மட்டம் வைத்துப் பார்த்து. ஜக்கின் தலைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு இரும்புத் தகடு, இல்லாவிட்டால் தலை மரத்துக்குள் குடைந்துகொண்டு போகும்.

ஜக்குக்குப் பக்கத்திலேயே நாலங்குலக் கட்டைகளை விறகு அடுக்குவது போல் குறுக்கும் நெடுக்குமாக வளை வரை அடுக்குங்கள். மேல் இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, ஜக் ஏற ஏற ஆப்பைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஜக் கைவிட்டால் வீடு ஒரு நூலுக்கு மேல் விழக் கூடாது. எண்ணெய் ஜக் இரவில் தானாகக் கொஞ்சம் இறங்கும், ஆகவே ஒரு இரவும் பாரத்தை அதில் விடாதீர்கள், அடுக்கில் இறக்கிவிடுங்கள். எந்த நேரத்திலும் உங்கள் உடம்பின் எந்தப் பகுதியும் வளைக்கு அடியில் இருக்கக் கூடாது. இதை இரண்டாம் தடவையும் சொல்வேன்: கைகூட.

ஒரு நாளைக்கு ஒரு நூல். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதல் நாள் நானா ஜக்கின் கைப்பிடியை ஏழெட்டுத் தடவை அழுத்தினார், ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்பதாவது தடவை வீட்டுக்குள் எங்கோ நீளமாக ஒரு முனகல். அறைக்குள் கதவின் கொண்டி டக்கென்று விடுபட்ட சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வாய் திறந்தேன். நானா கைப்பிடியைக் கழற்றி என்னிடமே தந்துவிட்டார். “இண்டைக்கு இவ்வளவு போதும். ராவைக்கு அது ஆணி எல்லாம் தளர்ந்து இருக்கும். நாளைக்குப் பாப்பம்.” அடுத்த நாள் காலையில் அதே ஒரு நூல் மூன்று அழுத்தில் ஏறியது.

மூலையை மட்டும் ஏற்றாதீர்கள். பக்கத்துத் தூண்கள் ஆறு நூலும் ஐந்து நூலும் தாழ்ந்திருந்தால் மூலை மூன்று நூல் ஏறும்போது அவை ஒவ்வொரு நூல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வளை பக்கத்துத் தூணைவிட்டுக் கிளம்பிவிடும். பத்தொன்பது நூல் இறங்கிய மூலையை நாங்கள் பதினைந்தோடு நிறுத்தினோம். பல வருடம் வளைந்து நின்ற மரத்துக்கு அந்த வளைவே பழகியிருக்கும். கதவு சாத்த வந்து, போளை ஓடாமல் நின்றால் போதும். மிச்சம் நாலு நூலுக்காக வளையைப் பிளக்க வேண்டாம்.

தூக்கும்போது வருகிற சத்தங்களும் சங்கடங்களும்

கிறீச், முனகல், டக்டக்கென்ற சிறு சத்தம் எல்லாம் பழைய ஆணிகள் இடம் மாறும் சத்தம், பயப்பட வேண்டாம். துப்பாக்கி வெடித்தது போல ஒரே ஒரு பெரிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, அடுக்கில் இறக்கிவிட்டு, வளையில் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜக் இறுகி நிற்கிறது, வீடு ஏறவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் அது, யாரோ எப்போதோ தூணையும் படியையும் சேர்த்துப் பூசிய ஒரு கை சீமெந்து. உளியால் தட்டிவிட்டதும் அடுத்த அழுத்தில் ஏறியது.

எதிர்ச்சுவரில் நன்றாக இருந்த கதவு இறுகத் தொடங்கினால் அளவைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டு நூல் இறக்குங்கள். மூலை ஏறுகிறது, தரை ஏறவில்லை என்றால் தரையின் குறுக்கு மரங்கள் வளையோடு சேராமல் தனிக் கட்டைகளில் நிற்கின்றன. அவற்றைத் தனியாக ஏற்ற வேண்டும். ஜக் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் எவ்வளவு சிறிய சாய்வாக இருந்தாலும் இறக்கி, பலகையை மறுபடி மட்டமாக்கித் தொடங்குங்கள். ஜக்கைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்கிற ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

முகட்டில் அல்லது மூலை ஓட்டில் வெளிச்சம் தெரிவது வழமை. எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு ஓடுகளை ஒரு தடவை அடுக்கிவிட்டால் சரி.

அடுத்த மாரிக்குப் பிறகு

புதுப் பாதம் முதல் மழையில் ஒன்றிரண்டு நூல் இறங்கத்தான் செய்யும். அதற்காகவே தூணின் தலையில், வளைக்கு அடியில், இரட்டை ஆப்பை வெட்டிவிடாமல் இரண்டு அங்குலம் நீட்டி விடுங்கள். தை முடிந்ததும் மட்டக்குழாயை எடுத்துப் பழைய கோடுகளில் மறுபடி அளந்து, முதல் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு நூலுக்குள் என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டி ஆப்பை இறுக்கினால் போதும். நாலு நூலுக்கு மேல் இறங்கியிருந்தால் ஆப்பைத் தட்டுவதை விட்டுவிட்டு, மழை பெய்யும்போதே ஒரு குடையோடு அந்த மூலையில் போய் நின்று தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி நின்றபோதுதான் பீலியின் இணைப்பு ஒன்று ஒழுகி, தண்ணீர் தூண் வழியாகவே நூல் போல இறங்குவதைக் கண்டேன். அடுத்த வெயிலில் அந்த இணைப்பை மாற்றி, தூணைக் காயவிட்டு, ஆப்பை ஒரு நூல் இறுக்கினோம். கதவு இப்போது கார்த்திகையிலும் சாத்த வருகிறது.